விடுப்பே எடுக்காதவரின் கேடயம்

தொற்றுநோயைத் தடுப்பதற்கு மனிதகுலம் இதுவரை கண்ட வழிகளிலேயே தலைசிறந்தது எங்கள் அலுவலகத்தில்தான் உருவானது. மருத்துவ உலகம் இன்னும் அதைக் கவனிக்கவில்லை என்றால், நஷ்டம் மருத்துவ உலகத்துக்குத்தான்.

நான் தலைமை எழுத்தர். 'விடுப்பே எடுக்காத ஊழியர்' கேடயம் பதினொரு ஆண்டுகளாக என் மேசைமேல்தான் நிற்கிறது. என் தங்கையின் கல்யாணத்தன்றுகூட வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டாவது கேடயத்துக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தபோது ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் பரவியது.

மேலாளர் உடனே 'தொற்றுத் தடுப்பு உயர்மட்டக் குழு' ஒன்றை அமைத்தார். மொத்தம் ஏழு பேர். காய்ச்சல் என்று ஒருநாளும் படுக்காதவர்தான் தலைவராக இருக்கத் தகுதியானவர் என்று என்னை நியமித்தார். நியாயமான தேர்வு.

முதல் கூட்டத்தன்று காலை எனக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது. வீட்டுக்காரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு கொதிக்குது. ஒரு நாளாவது படுத்துத் தொலைங்களேன்."

"இது காய்ச்சல் இல்ல. கடமைச் சூடு."

"அந்தக் கேடயத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூட்டம் பதிவேட்டு அறையில் நடந்தது. வெளியே இருக்கும் கிருமி உள்ளே வந்துவிடக் கூடாது என்று எல்லா ஜன்னல்களையும் அடைக்கச் சொன்னேன். நான் தீர்மானங்களைச் சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நடுநடுவே எனக்கு வந்த தும்மல்களைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சார், ஜன்னலைத் திறந்து வைக்கலாமே. இருமுறவங்க, தும்முறவங்கள வீட்டுக்கு அனுப்பிடலாமே. எங்க பாப்பா குறைமாசத்துல பொறந்தது. நாலு மாசம்தான் ஆகுது. நான் எதையாவது கொண்டுபோய் ஒட்டவச்சிட்டா அது தாங்காது."

"ஆளாளுக்கு வீட்டுக்குப் போயிட்டா வேலைய யாரும்மா பாக்கிறது? உங்க பாப்பாவைக் காப்பாத்தத்தானே இந்தக் குழுவே இருக்கு."

மூன்று நாள் கழித்து நடந்த அடுத்த கூட்டத்தில் காசாளர் எழுந்தார். எந்நேரமும் ஃபிளாஸ்கும் கையுமாக இருப்பதால் அவருக்கு 'வெந்நீர்' என்று பெயர்.

"தலைவரே, எனக்கு முடியல. கிளம்பட்டுமா?"

"விதி மூணு," என்றேன். "குழுவுல இருக்கிற ஏழு பேரும் நேர்ல பாத்து, நெத்தியத் தொட்டு உறுதி செஞ்சாத்தான் காய்ச்சல் விடுப்பு."

ஏழு பேரும் வரிசையாகப் போய்த் தொட்டோம்; அவரும் குழு உறுப்பினர் என்பதால் தன் நெற்றியைத் தானே தொட்டுக்கொண்டார். ஆறு பேர் காய்ச்சல் என்றார்கள். எனக்கு மட்டும் அவர் நெற்றி ஜில்லென்று இருந்தது. ஒருமித்த கருத்து இல்லாததால் 'வெந்நீர்' மாலைவரை வேலை பார்த்தார்.

அடுத்த வாரம் குழுவில் நான்கு பேர் படுத்துவிட்டார்கள். அதற்கடுத்து இரண்டு பேர். வியாழக்கிழமை டைப்பிஸ்ட் அம்மா வரவில்லை. குழந்தைக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவர் கணவர் போனில் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று இரண்டு முறை கேட்டேன்.

மேலாளரும் படுக்கையில் இருந்தபடியே உத்தரவிட்டார்: "இது எங்க ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிங்க."

சுவரில் பெரிய தாளை ஒட்டினேன். யார் யார் என்றைக்குப் படுத்தார்கள், அதற்கு முன்னால் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சிவப்பு மையில் கோடு இழுத்தேன். எல்லாக் கோடும் ஒரே நாற்காலியில் வந்து முடிந்தது. அளவுகோலில் ஏதோ கோளாறு என்று நினைத்து வேறொன்றை எடுத்தேன். அதுவும் அதே நாற்காலியைத்தான் காட்டியது.

அதில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டின் கடைசி நாள் கேடய விழா திட்டமிட்டபடி நடந்தது. வழங்க ஆள் இல்லாததால் நானே வழங்கி நானே பெற்றுக்கொண்டேன். காவலாளி வாசலில் நின்றபடி கை தட்டினார். உள்ளே வரச் சொன்னேன். "இங்கயே காத்தோட்டமா இருக்குங்க" என்றார்.

அப்போது போன் அடித்தது. டைப்பிஸ்ட் அம்மா.

"சார், பாப்பாவுக்கு மூச்சு சரியாயிடுச்சு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. நீங்க எப்ப வேலைக்கு வர்றீங்க?"

"நீங்க எப்ப லீவு போடுறீங்கன்னு சொல்லுங்க சார். அன்னைக்கு வர்றேன்."

போனை வைத்தேன். இருமல் வந்தது. விடுப்பு விண்ணப்பம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன். விதி மூன்றின்படி நெற்றியைத் தொட ஆறு பேர் குறைந்தார்கள். நானே தொட்டுப் பார்த்தேன். இந்த முறை சுட்டது.

பெயர், பதவி, நாள்கள் எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் 'நோய்க்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பருவநிலை' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'நான்' என்று எழுதினேன்.