நீ என்ன நினைக்கிறே, கண்ணு?

ஒரு காட்டில் மஞ்சரி என்றொரு புள்ளிமான் இருந்தது. அதற்கு ஒரே குட்டி, தும்பி. தும்பி பிறந்து கண்ணைத் திறந்ததே "ஏம்மா?" என்றுதான்.

அதட்டினால் பிள்ளையின் ஆர்வம் பட்டுப்போகும் என்று யாரோ சொல்ல, மஞ்சரி பயந்துபோய் ஆந்தை வாத்தியாரின் பெற்றோர் வகுப்பில் சேர்ந்தது. வாத்தியாரின் விதிகள் கண்டிப்பானவை. நேராகப் பதில் சொல்லக்கூடாது, "நீ என்ன நினைக்கிறே, கண்ணு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேள்வி முடியும்வரை வேறு வேலை பார்க்கக்கூடாது. எதையும் பிள்ளை செய்து பார்த்தே கற்க வேண்டும்.

அந்தக் காட்டில் ஒரு பழைய வழக்கம். மர உச்சியில் மந்தி கத்தினால், மான்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓட்டம் பிடிக்கும்.

ஒருநாள் காலை மந்தி கத்தியது. மந்தை பறந்தது. தும்பி மட்டும் நின்றது.

"ஏம்மா மந்தி அத்தை கத்துறாங்க?"

மஞ்சரியின் கால்கள் நின்ற இடத்திலேயே ஓடின. நாக்கு நுனிவரை வந்த 'ஓடுடி'யை விழுங்கிக்கொண்டு, "நீ என்ன நினைக்கிறே, கண்ணு?" என்றது.

"பல்வலியா?"

"அருமை! வேற?"

"புலியா?"

"எதை வெச்சுச் சொல்றே, தங்கம்?"

"உனக்குப் பின்னாடி நிக்குதே, அதை வெச்சு."

புலி பாயப் பதுங்கியாயிற்று. அதற்குள் அதன் குட்டி வாலைப் பிடித்து இழுத்தது. "அப்பா, மானுக்கு ஏன் புள்ளி? நமக்கு ஏன் கோடு?"

புலி கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டது. "நீ என்ன நினைக்கிறே, கண்ணு?"

மஞ்சரிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "அண்ணே, நீங்களும் ஆந்தை வகுப்பா?"

"சனிக்கிழமை. மாமிசக்காரங்க பிரிவு," என்றது புலி ஈனக்குரலில். "சேர்ந்ததுலேருந்து அரை வயிறுதாம்மா. வாய்க்கும் இரைக்கும் நடுவுல ஒரு கேள்வி வந்து உக்காந்துக்குது."

"இங்க மட்டும் என்ன வாழுதாம்? புல்லைக் கடிச்சா அதுக்கு வலிக்குமான்னு கேக்குறா. எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

குட்டிகள் இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக் கேட்டுத் தள்ளின. மேகத்தை யார் தள்ளுறா? மீனுக்கு விக்கல் வந்தா தண்ணி குடிக்குமா? கடைசியில் புலிக்குட்டி தும்பியின் தொடையை மோந்து பார்த்தது.

"அப்பா, இது ருசியா இருக்குமா?"

"சபாஷ்!" என்று புலி துள்ளி எழுந்தது. "செஞ்சு பார்த்துத்தானே கத்துக்கணும்!"

மஞ்சரியின் இதயம் குளம்புக்கு இறங்கிவிட்டது. "தம்பி, தம்பி! ஆந்தை ருசியா இருக்குமான்னு என்னைக்காவது யோசிச்சியா?"

குட்டியின் கண்கள் விரிந்தன. "ஆந்தை எங்கே இருக்கும்?"

நேராகப் பதில் சொல்லக்கூடாது. விதி. மஞ்சரி மூச்சுவிடாமல் சொன்னது: "ஆத்தங்கரை மருதமரம், கீழ்ப்பொந்து. பகல்ல நல்லாத் தூங்கும்."

ஆர்வம் தாங்காமல் குட்டி பாய்ந்தது. "கேள்வி முடியலை, வரட்டுமாம்மா?" என்று விடைபெற்றுப் பின்னாலேயே ஓடியது புலி.

"ஏம்மா வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தே?" என்றது தும்பி.

"வாயை மூடிக்கிட்டு ஓடுடி!"

தும்பி ஓடியது.

நீதி: பிள்ளைகளின் ஆர்வத்தைக் கிள்ளி எறியாதீர்கள், வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், அதற்கு, குழந்தை வளர்ப்பு நிபுணரின் வீட்டு விலாசம் கைவசம் இருப்பது நல்லது.