நுரைக்காத மண்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை நலம், ரொம்பவே நலம். நான் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வந்தவர் சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று இருந்திருக்கலாம். மண் ஆய்வுக்கூடத்து வேலையை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அதை விட்டு, தோட்டத்தில் என் பாத்தியிலிருந்து ஒரு கோப்பை மண்ணும், அத்தை காய்கறித் தோலைக் கொட்டும் மூலையிலிருந்து ஒரு கோப்பை மண்ணும் எடுத்து, காயத்துக்குப் போடும் நுரை மருந்தை இரண்டிலும் ஊற்றிக் காட்டினீர்களே, அன்றைக்கு ஆரம்பித்தது வினை. அத்தையின் மண் பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. என் மண் வாயே திறக்கவில்லை. “மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்க விடுற நொதிதான் மாமா இப்படிப் பொங்க வைக்குது. உங்க மண்ணுல அது செத்துப்போச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். சுகாதார ஆய்வாளராக ஊரையே பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்து ஓய்வு பெற்றவன் நான். என் பாத்தியில் ஒரு கிருமி கிடையாது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது குற்றமாம்.

உங்கள் அத்தை விடுவாளா? “தோட்டத்தை இனிமே நான் பாத்துக்கறேன், நீங்க பேப்பர் படிங்க” என்றாள். எனக்குச் சுரீரென்றது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருப்பது அந்த நாலடி மண்தான். அதுவும் போனால் காலையில் எழுந்து எங்கே போவேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபரிசோதனை வேண்டும் என்று வாதாடினேன். தோற்றவர் தோட்டத்தை விட்டுக்கொடுப்பது, நடுவர் மாடியில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து பொங்குகிற மண்ணைத் தேடி, மருந்து பாட்டிலும் கரண்டியுமாகத் தெருத்தெருவாக அலைந்தேன். கட்டடம் கட்டக் குவித்திருந்த மணலில் ஊற்றினேன், ம்ஹூம். விளையாட்டுத் திடலில் மிதிபட்டு இறுகிய மண் வேண்டாவெறுப்பாக நாலு குமிழி விட்டது. நூலகத்துக்குப் பின்னால் இலை மக்கிக் கிடக்கும் மரத்தடியில் ஊற்றினால், அடேயப்பா, சவரக் கிண்ணம் மாதிரி நுரை. சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது காவலாளி வந்துவிட்டார்.

“என்ன சார் தோண்டறீங்க?”

“மண் பரிசோதனைப்பா.”

“யாரு அனுப்பினாங்க?”

“எங்க மாப்பிள்ளை.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, சாக்கைத் தோளில் ஏற்றியும் விட்டார்.

அந்த மண்ணைப் பாத்தியில் பரப்பினேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? வெளியிலிருந்து எது வந்தாலும் கிருமி நீக்காமல் உள்ளே விட்டதில்லை நான். கை பழகிவிட்டது மாப்பிள்ளை. புத்தி வந்து சேர்வதற்குள் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் என் கோப்பையைக் குனிந்து பார்த்தார். “ஒண்ணுமே தெரியலையே சார்” என்றார். “வேற கண்ணாடி போட்டுப் பாருங்க” என்றேன். போட்டும் பார்த்தார். தோட்டம் கைமாறிவிட்டது.

ஆகவே, நொதியெல்லாம் வெறும் நுரை, சுத்தமான மண்ணே உத்தமமான மண் என்று உங்கள் ஆய்வுக்கூட முத்திரையோடு ஒரு சான்றிதழ் உடனே அனுப்பி மாமனாரின் மானத்தைக் காப்பாற்றவும். மகளிடம் சொல்ல வேண்டாம். அவள் அம்மா கட்சி.

நீங்கள் இருவரும் நோயின்றி, கிருமியின்றி நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிப் போயிருந்த நேரத்தில் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். நேரே போய்ச் சாக்கை உதறி, அடியில் ஒட்டியிருந்த வெந்நீர் படாத மண்ணைக் கோப்பையில் போட்டு மருந்தை ஊற்றினாள். அது பொங்கி இந்தத் தாள் வரை வந்தது. ஓரத்தில் இருக்கும் கறை அதுதான். “மண்ணைத் திருடற அளவுக்கா ஆசை? சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே” என்றாள். பாத்தி பழையபடி எனக்கு, கெட்டில் அவளுக்கு. தினமும் காய்கறித் தோல் வாளியை என் பாத்தியில் கவிழ்ப்பது என் வேலை. முதல் வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஒரு மண்புழு எட்டிப் பார்த்தது. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். எனவே மேலே கேட்ட சான்றிதழ் வேண்டாம். அதே முத்திரையோடு, அத்தையின் மண்ணே சிறந்த மண் என்று ஒன்று அனுப்பவும். அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.