என் வீட்டு ஹாலில் பூத்த டூலிப்

டூலிப் பூவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் என் அச்சகத்திலிருந்து வருடா வருடம் காலண்டரில் ஏறிப்போகிற டூலிப்புகளைப் பார்த்தால் அது விளைகிற நாட்டுக்காரனே வெட்கப்படுவான். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன் (பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்பார்கள், நம்பாதீர்கள்). ஒரு மெஷினை நான்கு மெஷினாக்கினேன். காரணம், எதையும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் என் மூளை. அந்த மூளைதான் என்னைக் கவிழ்த்தது.

மகள் கலாவுக்குக் கொடைக்கானலில் மாப்பிள்ளை அமைந்தது. பூர்வீகம் எங்கள் பக்கத்து நாரணாபுரம், கொடைக்கானலில் மளிகைக் கடை. பேசி முடிக்கப் போனபோது மாப்பிள்ளையின் அம்மா தன் பூச்செடிகளைக் காட்டினார்.

"டூலிப் மட்டும் பிடிகுடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி. எங்க குளிருக்கே வரலை."

வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்திருக்கலாம்.

"பொண்ணுக்குப் பூ வைக்க வருவீகள்ல தங்கச்சி, அன்னைக்கு எங்க ஹாலுல டூலிப் பூத்து நிக்கும்."

"சிவகாசி வெயில்லயா?"

"பூக்கலைன்னா, நான் சொல்ற எதையும் நம்பாதீக!"

(பெண் கொடுக்கப் போன இடத்தில் பேசுகிற பேச்சா இது?)

கிழங்குகளை ஆன்லைனில் வரவழைத்தேன். சின்ன வெங்காயத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தன. நடுவதற்கு முன் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி, கூட வந்த தாளில் படம் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஏதோ ஆங்கிலம். எனக்குப் படம் போதும். கொய்யாப்பழங்களைத் தள்ளிவிட்டு அவற்றுக்குப் பக்கத்திலேயே அடுக்கினேன். பிறகு மூன்று தொட்டிகளில் நட்டு, அச்சகத்து ஏசி அறையில் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே குடியேற்றினேன்.

என் மனைவி பாக்கியம், பின்வாசலில் துவைகல்லைச் சுற்றிச் சேறு தெறிக்காமல் இருக்க மழை லில்லிக் கிழங்கு ஊன்றியிருந்தாள். மண்ணை மூடிப் புல் மாதிரி படர்ந்து கிடந்தது. "புல்லுக்குத் தண்ணி ஊத்துற ஒரே பொம்பளை நீதான்" என்று கேலி செய்வேன்.

பூ வைக்கும் நாளுக்கு முந்தின நாள் வரை என் டூலிப் இலைதான் விட்டது. மொட்டைக் காணோம்.

"பேசாம உள்ளதைச் சொல்லிருங்க" என்றாள் பாக்கியம்.

"பூக்கலைன்னா என்னை நம்பாதீகன்னு நானே சொல்லிட்டு வந்திருக்கேன்டி!"

நேராக அச்சகத்துக்குப் போனேன். என் காலண்டர் டூலிப்பையே அட்டையில் அடித்து, வார்னிஷ் பூசி, இதழ் இதழாக வெட்டிக் கம்பியில் ஒட்டி, இலைகளுக்கு நடுவே செருகி, தொட்டிகளை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தேன். கடவுளே ஏமாந்திருப்பார்.

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஹாலைப் பார்த்ததும் நேராகத் தொட்டிகளை நோக்கி நடந்தார்கள். "கிட்டப் போகாதீக, மூச்சுக்காத்து பட்டா வாடிரும்" என்றேன். ஃபேனைக்கூட நிறுத்தி வைத்திருந்தேன். வியர்வையில் நனைந்த மாப்பிள்ளையின் அப்பா, பொறுக்க முடியாமல் எழுந்து சுவிட்சைத் தட்டினார்.

அவ்வளவுதான். பூக்கள் எல்லாம் கம்பியில் ஒன்றுபோலத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டின.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டினார். ஓர் இதழைப் பிடித்து நிதானமாகப் படித்தார்: "திரியைப் பற்ற வைத்ததும் விலகி நிற்கவும்."

கலர் சரிபார்க்க, ஒரு பக்கம் அச்சாகி வீணான அட்டையின் மறுபக்கத்தில்தான் அடித்துப் பார்ப்போம். சிக்கனம். நான் எடுத்த அட்டையின் பின்பக்கம் முழுக்க வெடி லேபிள்!

"அண்ணாச்சி, இது பூவா, புஸ்வாணமா?"

யாரும் சிரிக்கவில்லை. கலாவுக்கு வைக்க வேண்டிய மல்லிகை, அவர்கள் கொண்டுவந்த தட்டிலேயே இருந்தது. "பூவுலயே இப்படின்னா..." என்று மாப்பிள்ளையின் அப்பா இழுத்தார். நான் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன்.

பாக்கியம்தான் பேசினாள். "மதினி, செத்த பின்னாடி வாங்க. அங்கன இருக்கிறது நெசப் பூ."

நாலு நாளைக்கு முன் பெய்த மழைக்குத் துவைகல்லைச் சுற்றி ஒரே ரோஸ் நிறம். இலை தெரியாத அளவுக்கு மழை லில்லி. சம்பந்தியம்மா குனிந்து ஒரு பூவைப் பறித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கமும் பூவாகவே இருந்தது. அப்போது வந்ததே ஒரு சிரிப்பு! கலா சேர்ந்துகொண்டாள், வீடே சேர்ந்துகொண்டது.

"டூலிப் கிழங்கை நடுறதுக்கு முன்னாடி எங்கன வச்சிருந்தீக?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"ஃப்ரிட்ஜுல, கொய்யாவோட."

"அடப்பாவமே! பழத்தோட வச்சா மொட்டு உள்ளயே கருகிரும் அண்ணாச்சி."

"தெரியும் தங்கச்சி. சும்மா சோதிச்சுப் பாத்தேன்" என்றேன். (வாய் திருந்துமா?)

மல்லிகை கலாவின் தலைக்கு ஏறியது. ஒரு பை நிறைய மழை லில்லிக் கிழங்கு கொடைக்கானலுக்கு ஏறியது.

அன்றிலிருந்து நான் எதைக் கொடுத்தாலும் அந்த வீட்டில் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை. பட்டுச்சேலை, பலகாரத் தட்டு, தீபாவளிக்குப் போட்ட மோதிரம், எல்லாம்.

போன வருடம் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் அவனை ஏந்திக்கொண்டு, "பாருங்க, அப்படியே என் மூக்கு!" என்றேன். சம்பந்தியம்மா பிள்ளையைக் கையில் வாங்கி, மெதுவாகத் திருப்பி, முதுகைப் பார்த்தார்.