ஜெட்டு ஓட்டுவதற்கு நேர்மாறாக

அன்பு மருமகப்பிள்ளைக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியாகிய மாமன் எழுதுவது. இங்கே என் இடுப்பு ஒன்றைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் அனைவரின் இடுப்பும் மற்ற உறுப்புகளும் சௌக்கியமாக இருக்க ஆசிகள்.

வண்டி பழகுவதற்கு முன்னால் வைக்கிற சாலைவிதிப் பரீட்சையில் நீ மறுபடியும் கோட்டை விட்டதாக உன் அம்மா போனில் அழாத குறையாகச் சொன்னாள். கவலைப்படாதே அக்கா, நம் குடும்பத்தில் ஒருத்தன் அதே பரீட்சையை எழுதி, கம்ப்யூட்டரையே மிரள வைத்துவிட்டு வந்திருக்கிறான், அவன் வழி சொல்வான் என்றேன். அந்த ஒருத்தன் நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் இருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனே தேறினேன் என்றால் அது எப்பேர்ப்பட்ட வழி என்று நீயே யோசி.

எங்கள் லாண்டரியில், விடுதிகளின் அழுக்குத் துணியை ஏற்றி வந்து, துவைத்துத் தேய்த்துத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிற வேன் ஒன்று உண்டு. ஓட்டுகிறவனை, அவன் பறக்கிற வேகத்துக்காக, எல்லாரும் ஜெட்டு என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். மூட்டை தூக்குகிறவன் நான். ஈரத் துண்டு மூட்டை என்றால், யானைக்குட்டியைக் குளிப்பாட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவது போல என்று வைத்துக்கொள். என் இடுப்புப் படத்தைப் பார்த்த டாக்டர், "இனிமே நீங்க எதையாவது தூக்கினா, அப்புறம் உங்களைத் தூக்கத்தான் ஆள் தேடணும்" என்றார். அந்த நேரம் பார்த்து முதலாளி, ஜெட்டு வாங்கிக் குவித்த அபராத நோட்டீஸ்களை விசிறி போல விரித்துக் காட்டி, மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இத்தனை வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கீங்க. பரீட்சையைப் பாஸ் பண்ணிட்டு வாங்க, ஓட்டக் கத்துக்க நானே ஏற்பாடு பண்றேன், அந்த சீட்டு உங்களுக்குத்தான்." பாஸ் பண்ணாவிட்டால் என்று கேட்டேன். "மூட்டை தூக்க முடியாதவருக்கு இங்க வேற என்ன வேலை இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கே படிப்பைத் தொடங்கிவிட்டேன். படிப்பு என்றால் உன் அத்தை துணி மடித்துக்கொண்டே கேள்வியை வாசிப்பாள், நான் கால் நீட்டிக்கொண்டு பதில் சொல்வேன். முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. ஜெட்டு எப்படிச் செய்வானோ அதையே நான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்வாய்? இன்னும் வேகமாகப் போவேன். நடப்பவர் கடக்கும் கோட்டில் ஒருவர் நிற்கிறார், என்ன செய்வாய்? ஹாரன் அடிப்பேன். அத்தை துணியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் செய்யறதுக்கு நேர்மாறாச் சொல்லிப் பாருங்களேன்" என்றாள். சொன்னேன். மளமளவென்று எல்லாம் சரி. மருமகனே, நான் கண்டுபிடித்த வழி இதுதான். அத்தை அதை முதலில் வாயால் சொன்னாள், அவ்வளவுதான்.

சாலைப் பலகைகளுக்கு மட்டும் இந்த வழி உதவவில்லை, ஜெட்டு எந்தப் பலகையையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதனால் அத்தை அட்டையில் வெட்டி வீடெல்லாம் ஒட்டினாள். சமையலறை வாசலில் உள்ளே நுழையாதே என்ற பலகை. நான் விதியை மதித்து வெளியிலேயே நின்று, காபி எங்கே என்று கேட்டதற்கு, "சுத்திக்கிட்டு வாங்க, பின்பக்கம் திறந்திருக்கு" என்றாள்.

சனியன் போன் ரூபத்தில் வந்தது. ஒருநாள் வேனில் போய்க்கொண்டிருக்கும்போது அத்தை கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். "மழையில முன்னால போற வண்டியை விட்டு எவ்வளவு தள்ளிப் போகணும்?" என்றாள். நானும் வாய்க்கொழுப்பில், "ஜெட்டு ஒட்டி உரசிக்கிட்டுப் போவான், அப்போ ரெண்டு மடங்கு தள்ளி" என்றேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

"அண்ணே, அது என்ன கணக்கு?" என்றான் ஜெட்டு.

எனக்குப் பொய் சொல்ல வராது, நடந்ததைக் கொஞ்சம் அழகாகச் சொல்லத்தான் வரும். "உன்னை வச்சுத்தான்டா படிக்கிறேன். நீ செய்யறதுக்கு நேர்மாறா."

"எவ்வளவு சரியா வருது?"

"கிட்டத்தட்ட எல்லாமே."

மறுநாள் காலை, கடக்கும் கோட்டில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். ஜெட்டு வேனை நிறுத்தினான். அந்தப் பெண் கடக்கவில்லை, அவளுக்கு எங்கள் வேனை நன்றாகத் தெரியும். நீங்க போங்க என்று இவன் கை காட்ட, நீங்க போங்க என்று அவள் கை காட்ட, கடைசியில் நான் இறங்கிப்போய், "அம்மா, இவன் திருந்திட்டான், நம்பிக் கடங்க" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். பின்னால் ஊரே திரண்டு கை தட்டியது. ஹாரன்தான் அடித்தார்கள் என்று உன் அத்தை சொல்வாள், அவள் அங்கே இல்லை.

அன்று முதல் என் படிப்பில் மண். நேர்மாறாகச் சொன்னால் தப்பு வந்தது, ஏனென்றால் கண்ணுக்குள் நின்றது புது ஜெட்டு. நான் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "டேய், என் பரீட்சை முடியற வரைக்குமாவது பழையபடி ஓட்டுடா."

"முடியாதுண்ணே" என்றான். "நேத்து என் பொண்டாட்டியை வேன்ல கூட்டிட்டுப் போனேன். கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் அவ கண்ணைத் திறந்துக்கிட்டு வந்தா."

அவன் கையை விட்டுவிட்டேன். பரீட்சை அறையில் ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடி, பழைய ஜெட்டை மனசுக்குள் வரவழைத்தேன். ஆம்புலன்ஸ் கேள்வியில்தான் வியர்த்துவிட்டது. பழைய ஜெட்டும் ஆம்புலன்ஸுக்கு வழி விடுவான், விட்டுவிட்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போவான். பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளினேன். தேறினேன். பெரிய அதிகாரி என்னைப் பார்ப்பதற்கென்றே அறையை விட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்த வந்தார் என்கிறாள் அத்தை.

ஆகவே மாசக் கடைசியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உன் மாமன். நீயும் காலம் கடத்தாமல் உங்கள் ஊரில் மோசமான ஒரு டிரைவரைப் பிடித்து அவன் பக்கத்தில் உட்கார். அக்காவுக்கு என் வணக்கம். உன் குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீ எழுதுகிற பரீட்சை எல்லாம் உனக்குப் பணிந்து போகட்டும்.

உன் அன்பு மாமன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். புதிதாக ஒரு நோட்டீஸும் வரவில்லையாம், விடுதிக்காரர்கள் போன் பண்ணிப் புகழ்கிறார்களாம், ஜெட்டையே வைத்துக்கொள்ளப் போகிறாராம். அப்போ நான், என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெட்டு, "மூட்டையை நானே தூக்கிக்கறேன் முதலாளி. ஆனா அண்ணன் பக்கத்துல உக்காரணும். இல்லேன்னா எனக்குப் பழசு வந்துடும்" என்றான். ஆகவே அதே பழைய சீட்டு, சம்பளத்தோடு. நேற்று மஞ்சள் விளக்கில் வேன் நின்றது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். நான் தலையை வெளியே நீட்டி, "முதல்ல போய்ப் பரீட்சை எழுதிட்டு வாடா" என்றேன்.