ஒரு கரண்டி கரிமருந்து

மனித குலம் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. அதன்பின் நெடுங்காலம் சும்மா கிடந்துவிட்டு, எண்ணூரில் எங்கள் "வடசென்னை வாய்வழித் துப்பாக்கி ஆர்வலர் பேரவை"யைக் கண்டது. இடையில் நடந்தவை எதுவும் குறிப்பிடத் தக்கவை அல்ல.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைய துப்பாக்கியில் தோட்டாவைச் செருகி அமுக்கினால் வெடித்துவிடும். அதில் என்ன பண்பாடு இருக்கிறது? பழைய துப்பாக்கியிலோ குழலின் வாய் வழியாக முதலில் கரிமருந்து எனும் வெடித்தூளைக் கொட்ட வேண்டும். பிறகு எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டு. பிறகு நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். சுட்டதும் குழலைத் துடைத்து மறுபடியும் முதலிலிருந்து. எதிரி மனம் திருந்த இவ்வளவு அவகாசம் தரும் ஆயுதம் உலகில் வேறில்லை.

துறைமுகத்தில் கோப்புகளைக் கட்டி ஓய்வுபெற்ற நான், இக்கலையைக் கைப்பேசிக் காணொளிகளில் பயின்று பேரவைத் தலைவரானேன். பொருளாளர், கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற சாலமோன். தொழில்நுட்ப ஆலோசகர், பெரம்பூர் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்த ஜெயவேல். உறுப்பினர்கள் யாரென்று கேட்காதீர்கள். பேரவை அந்த நிலையை இன்னும் எட்டவில்லை.

எங்களிடம் எல்லாம் இருந்தது, துப்பாக்கி மட்டும் இல்லை. ஜெயவேல் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை அளந்து அறுத்துக் கொடுத்தார். மருந்துக்குப் பதில் சுக்குக் காப்பித் தூள், குண்டுக்குப் பதில் சுண்டைக்காய், துணிக்குச் சாலமோனின் லுங்கி. முதல் பயிற்சியில் சாலமோன் தூளுக்கு முன்பே சுண்டைக்காயைப் போட்டுவிட்டார். ஆரம்பநிலையாளர்கள் எல்லோரும் செய்யும் பிழை இதுதான் என்று காணொளியில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்ததால், உலகத் தரத்தை எட்டிவிட்டோம் என்று கை தட்டினோம்.

அடுத்து உரிமம். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உழவர்களுக்கு இவ்வகைத் துப்பாக்கி தருவதுண்டாம். எண்ணூரில் பயிரும் இல்லை, காட்டுப்பன்றியும் இல்லை. அப்போதுதான் சாலமோனின் மனைவி சாண்ட்ரா அம்மையார் கடற்கரையில் வலை விரித்துக் காயப்போட்டிருந்த நெத்திலி கண்ணில் பட்டது.

அவர்கள் மகள் ஜூடியின் நர்சிங் படிப்பே அந்த நெத்திலியில்தான் ஓடுகிறது. அந்த மாதமோ, கருவாடு நிறம் மங்கியிருக்கிறதென்று கல்மண்டபத்து வியாபாரி ஒரு மூட்டையைத் திருப்பிவிட்டார். இன்னொரு மூட்டை இப்படி வந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பேரவை அவசரமாகக் கூடி, குற்றவாளி காக்கைதான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. சாண்ட்ரா அம்மையார் மட்டும் உடன்படவில்லை.

"காக்கா இன்னா அண்ணாத்தே, நாலு மீன் துன்னும். நீங்க மூணு பேரும் துன்றத வுட கம்மிதான்" என்றவர், வானத்தில் நின்ற அனல்மின் நிலையத்தின் பெரிய புகைபோக்கியைக் காட்டினார். "அங்கேர்ந்து சாம்பல் வந்து மீன் மேல வுழுந்துகினே கீது. அத்த சுடுவியா நீ?"

புகைபோக்கி, பேரவையின் வீச்சுக்கு அப்பாற்பட்ட பொருள் என்று விளக்கிவிட்டு, "கருவாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு" என்று விண்ணப்பம் அனுப்பினேன்.

சாம்பலைப் பற்றி அம்மையார் வருஷக்கணக்காக மனுப் போட்டும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. துப்பாக்கி என்றதும் ஜீப்பே வந்தது. கடமையுணர்ச்சி என்றால் அதுவல்லவா கடமையுணர்ச்சி! வல்லரசு என்ற மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி, கண்ணாடியில் படிந்திருந்த சாம்பலை வைப்பரால் தள்ளிவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார்.

குழாயை வைத்துச் செய்முறை விளக்கம் தொடங்கினோம். நாங்கள் தூள் கொட்டி, லுங்கி பொதிந்து, கெட்டித்து முடிப்பதற்குள் ஒரு காக்கை நிதானமாக வந்து, ஒரு நெத்திலியைத் தின்று, சாலமோன் தவறவிட்ட சுண்டைக்காயையும் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதிகாரி காக்கையைக் கவனிக்கவில்லை. சுட்டால் புகை வருமா என்று கேட்டார். தாராளமாக வரும், அதுதானே இதன் அழகு என்றேன். மருந்து எவ்வளவு என்றார். ஒரு கரண்டி என்றேன், பெருமையோடு. அவர் முகம் இருண்டது. ஒரு கரண்டியா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

அம்மையார் ஒரு கை நெத்திலியை அள்ளி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கி, ஊதி, விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரே சாம்பலா இருக்கு?"

"அதான் சார். நீயே பாத்துட்ட, நீயே சொல்லிட்ட. அத்த எழுது."

"அதுக்கு நான் வரலம்மா. நான் துப்பாக்கிப் புகைக்கு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு, தாளில் விழுந்திருந்த சாம்பலைத் தட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

ஆணை வந்தது. "ஒரு கரண்டி கரிமருந்தின் புகையால் இப்பகுதியின் தூய காற்றுக்கு ஊறு நேரும்" என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வராத புகையைக்கூட முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இந்தக் கூர்மையை நான் எழுந்து நின்று பாராட்டிக்கொண்டிருந்தபோது, சாண்ட்ரா அம்மையார் வந்தார். வியாபாரி திருப்பிவிட்ட அடுத்த மூட்டையை எங்கள் கூட்ட மேசைமேல் கவிழ்த்தார். நெத்திலிக்கு முன்னால் சாம்பல் பறந்து எங்கள் மூவர் மேலும் படிந்தது.

"உன் காக்காவ இதுல காட்டு அண்ணாத்தே" என்றார். சாலமோன் தலையைத் தூக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பேரவை கடைசியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்தது. அலுவலகத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு எங்கள் விண்ணப்பத்தில்தான். ஒரு கரண்டி என்று கேட்டிருக்கக் கூடாது. தினம் ஆயிரம் லாரி நிலக்கரி எரிப்போம், சாம்பலை ஊர்த் தலையில் கொட்டுவோம் என்று கேட்டிருந்தால், உரிமமும் தந்து, திறப்பு விழாவுக்கு மாலையோடு அவர்களே வந்திருப்பார்கள்.