ஒரு கோடியே ஒன்று

மீதி பூஜ்யம். கணக்கு வாத்தியார் கரும்பலகையை வெறித்துப் பார்த்தார். ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டி, இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக வந்தால் அந்த எண் பதினொன்றால் வகுபடும் என்று வகுப்பில் சொன்னவர் அவர். உதாரணத்துக்குப் போயும் போயும் ஒரு கோடியே ஒன்றை எழுதியதும் அவர் கைதான். அந்தக் கை விளங்குமா?

ஒரு கோடியே ஒன்று பகா எண், தன்னையும் ஒன்றையும் தவிர எதுவும் அதை வகுக்காது என்று சொல்லித்தான் போன வருஷம் அண்ணன் கூப்பிட்டு அவர் வீட்டுக்குப் போன இடத்தில் அவரோடு மல்லுக்கு நின்றார். "ஏதாவது ஒண்ணு வகுக்கும்டா, நீ முதல்ல உக்காரு" என்றார் அண்ணன். கணக்கு வாத்தியாரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

"இனிமே உன் வாசப்படியை மிதிச்சா என்னை ஏன்னு கேளு!"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவர்தான். அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு இவரைப் படிக்கவைத்த அண்ணன். வாத்தியார் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"போன் போட்டுத் தப்புதான்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"வாயால சொன்னா நிரூபணம் ஆயிடுமா?"

வகுத்தலை அழகாக எழுதிப் படமெடுத்து அனுப்பினார். ஒரு வாரமாகியும் பதில் இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. சமாதானப்படுத்த இன்னொரு படம் அனுப்பினார். பதினொன்றால் வகுத்தபின் கிடைக்கும் ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று பகா எண்தான் என்று அதில் விளக்கம்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மன்னிப்பு கேக்கப் போய், நானும் பாதி சரிதான்னு சொல்றீங்களா? உருப்பட்ட மாதிரிதான்!"

அதற்கும் பதில் இல்லை. வேறு வழியின்றி, பெரிய அட்டையில் கொட்டை எழுத்தில் வகுத்தலை எழுதி எடுத்துக்கொண்டு நேரிலேயே போனார்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"அண்ணா, நான்தான்..."

"வாடா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

வாத்தியார் அட்டையை நீட்டினார். "படிச்சுப் பாருண்ணா."

"நீயே படி."

ஓகோ, வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிற தண்டனை! நியாயம்தான். வாத்தியார் ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது.

"வகுபடுதுண்ணா. நான் முட்டாள்."

"சரி, விடு" என்றார் அண்ணன், ஜன்னல் பக்கமே பார்த்தபடி.

வாத்தியார் அட்டையைக் கீழே வைத்தார். "அனுப்பின படத்தைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பதில் போட்டிருக்கக் கூடாதாண்ணா?"

உள்ளேயிருந்து அண்ணி வந்தாள்.

"எதைப் பாப்பாரு தம்பி? ரெண்டு கண்ணும் போகப்போகுது, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் கைவிரிச்சதைச் சொல்லத்தானே அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டாரு. நீங்கதான் அவரை வாயே திறக்க விடலையே!"