பேசாத ஸ்போக்கன் இங்கிலீஷ்

"ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எண்டு பேர். ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லையே, மிஸ்!"

ஒன்லைன் வகுப்புகளை நடத்தும் றேமண்ட், பம்பலப்பிட்டி ஒபிஸிலிருந்து போனில் பொரிந்து தள்ளினார்.

"ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுதானே சேர், வெட்கப்படுகினம். பழகினா கதைப்பினம்," என்றாள் பாடம் எடுக்கும் யூஜினா.

"இண்டைக்கு நானும் வகுப்பில இருந்து பாக்கிறன். ஒருத்தராவது கதைக்க வேணும். இல்லாட்டி உங்களை நிப்பாட்டிப்போட்டு, பதிஞ்சு வைச்ச வீடியோப் பாடம்தான்."

கொட்டாஞ்சேனையை விட்டு இந்த வெள்ளவத்தை பிளட்டுக்குத் தனியாக வந்த நாளிலிருந்து அவளுக்கென்று இருந்தது அந்த வகுப்புதான். அக்கம்பக்கத்தில் ஒரு முகமும் தெரியாது. லிப்டில் போனைப் பார்த்தபடி ஏறி, போனைப் பார்த்தபடி இறங்கினால் எப்படித் தெரியும்? ஆள் சேர்க்க மட்டும் சந்தைச் சுவரிலிருந்து அதே லிப்ட் வரை நோட்டீஸ் ஒட்டியிருந்தாள்.

வகுப்பு தொடங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் நூலகப் படம். எதிரே பன்னிரண்டு கறுப்புச் சதுரங்களும் றேமண்டின் சிடுசிடுத்த முகமும்.

"கமராவைப் போடுங்கோவன், பிள்ளையள்!"

"நெட் ஸ்லோ மிஸ்" என்று பன்னிரண்டு பேரும் எழுதினார்கள்.

பகிடி ஒன்று சொல்லிப் பார்த்தாள். வகுப்பில் மூச்சுக்கூட இல்லை. மேல் வீட்டில்தான் கொல்லென்று சிரிப்பு. எந்த நேரமும் அங்கே டிவி அலறும், கூட்டம் கும்மாளமிடும். கொடுத்து வைத்த சனம் என்று அவளுக்குப் பொறாமையாகவே இருந்தது.

"சரி, ரெண்டு ரெண்டு பேரா தனி அறையளுக்கு அனுப்புறன். ஆளோட ஆள் கதையுங்கோ," என்று பொத்தானை அழுத்தினாள்.

மேலே திபுதிபுவென்று ஓட்டம். கதவுகள் அடித்துச் சாத்தின. ஏதோ விழுந்து உடைந்தது.

"என்ன மிஸ், வீட்டில மாடு கீடு வளக்கிறீங்களோ?"

"மேல் வீடு, சேர்!"

அறை அறையாக எட்டிப் பார்த்தாள். எல்லா மைக்கும் மூடியே கிடந்தது. வெறுத்துப்போய் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் மைக்கைப் போட்டு ஒண்டா 'குட் ஈவினிங்' சொல்லுங்கோ! ப்ளீஸ்!"

கீ... என்று ஒரு ஓலம் எழுந்தது. றேமண்ட் இயர்போனைப் பிடுங்கி எறிந்தார். "என்ர காது போச்சு! போதும் மிஸ், நிப்பாட்டுங்க!"

மேலே மறுபடி கெக்கலிப்பு. அதோடு யூஜினாவின் பொறுமை பறந்தது.

"இந்த மேல் வீட்டுச் சனத்தாலதான் எல்லாம்! பொறுங்கோ சேர், நல்லா ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாறன்!"

படியேறிப் போய் மணியை அழுத்தினாள். தலையில் முக்காட்டை இழுத்து விட்டபடி ஒரு பெண் கதவைத் திறந்தாள். யூஜினாவைக் கண்டதும் கையில் இருந்த கட்லட் கீழே விழுந்தது.

"அல்லாஹ்! மிஸ்!"

பாயில் வட்டமாகப் பெண்கள். நடுவில் வட்டிலப்பமும் கட்லட்டும். ஒவ்வொரு மடியிலும் ஒரு போன். சுவரில் பெரிய டிவி. அதில் யூஜினாவின் நூலகமும், ஆளில்லாத கதிரையும்.

"நான்தான் லுத்பியா, மிஸ்," என்றாள் கதவைத் திறந்தவள். "லிப்டுல நோட்டீஸப் பாத்துத்தான் இந்தப் பிளட்டுக்காரங்க எல்லாரும் சேர்ந்தோம். தனியா இருந்து படிக்கப் பயம், அதான் எங்கட வீட்டுல கூடுறோம். ஒரே இடத்துல எல்லாப் போன்லயும் மைக்கப் போட்டா காது கிழியுது. நீங்க கீழ்வீடுன்னு சத்தியமாத் தெரியாது மிஸ்!"

யூஜினா கேட்க வந்த இரண்டு கேள்வியும் மறந்துபோயின. கண் கலங்கியது. யாரோ நகர்ந்து பாயில் இடம் விட்டார்கள், யாரோ வட்டிலப்பத்தைக் கையில் கொடுத்தார்கள்.

"ஹலோ? ஒருத்தரும் இல்லையா?" டிவியில் றேமண்ட் கத்தினார்.

மூலையில் இருந்த மரியகொறற்றி மற்றவர்களுக்குக் கண்காட்டிவிட்டு, தன் மைக்கை மட்டும் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எவ்ரிபடி பிரசன்ட், சேர். எவ்ரி டே, ஒன்லி மிஸ் ஆப்சன்ட்!"